சாக்குருவி மேல் சாற்றிய பழி

மலையகத் தோட்டங்களிலே நெடுங்காலமாக ஒரே குற்றவாளி மீது ஒரே குற்றம் மீண்டும் மீண்டும் சாட்டப்பட்டு வருகின்றது. குற்றம் கொலை, குற்றவாளி ஆந்தை. லயத்திலே ஒரு சாவு நிகழ்ந்துவிட்டால், சடங்குகள் முடிவதற்கு முன்னரே யாராவது ஒருவர் சொல்லிவிடுகிறார்: "ரெண்டு நாளாவே அந்தச் சாக்குருவி கத்திக்கிட்டே இருந்துச்சு." அதற்கு மேல் விசாரணை இல்லை, சாட்சி இல்லை, மேன்முறையீடும் இல்லை. இறந்தவர் ஏன் இறந்தார், எவ்வாறு இறந்தார், இறவாமல் இருந்திருக்க முடியுமா என்னும் வினாக்கள் யாவும் அந்த ஒரு வாக்கியத்தோடு அடங்கிப் போகின்றன.

இவ்வழக்கை மீள விசாரித்தல் வேண்டும் என்பதே இக்கட்டுரையின் நோக்கம். ஒரு பறவைக்காக இத்தனை பக்கங்களைச் செலவிட வேண்டுமா என்று சிலர் முகஞ்சுளிக்கலாம். பறவைக்காக மட்டும் நான் எழுதவில்லை. ஆந்தையின் மீது பழி விழும் ஒவ்வொரு தடவையும் உண்மையான குற்றவாளி ஒருவன் தப்பிச் செல்கிறான் என்பது என் முதல் வாதம். அப்பழியை நீக்குவோம் என்று புறப்படும் படித்த கூட்டம், ஆந்தைக் கதையோடு சேர்த்து எங்கள் மக்கள் இருநூறு ஆண்டுகளாகச் சேமித்து வைத்த பறவை அறிவு முழுவதையும் குப்பையிலே கொட்டிவிடுகின்றது என்பது என் இரண்டாம் வாதம். நம்புவோரும் தவறு செய்கின்றனர். நகைப்போரும் தவறு செய்கின்றனர். இவ்விரு தவறுகளையும் திருத்தும் பொறுப்பு கலைப்பீடத்திலே தமிழ் கற்கும் நம்மைச் சார்ந்தது. நாமோ அதனைக் கையிலெடுக்காமலே பட்டம் பெற்று வெளியேறிக்கொண்டிருக்கிறோம்.

குற்றச்சாட்டும் சாட்சியமும்

முதலிலே குற்றச்சாட்டை அதன் தகுதிக்கேற்ப ஆராய்வோம். ஆந்தை ஆண்டு முழுவதும் குரல் கொடுக்கின்ற பறவை. தன் எல்லையை அறிவிக்கவும் துணையை அழைக்கவும் அது கத்துகின்றது. விடியுமுன் எழுந்து, பிரட்டுக்குப் போய்ப் பெயர் கொடுத்து, நாள் முழுவதும் மலையேறிக் கொழுந்து பறித்து, மாலையில் மடுவத்திலே நிறுத்துவிட்டு வீடு திரும்பியவர் இரவிலே அயர்ந்து உறங்கிவிடுகிறார். அவர் உறங்கும் இரவுகளிலும் ஆந்தை கத்துகின்றது, அவர் கேட்பதில்லை. வீட்டிலே நோயாளி இருக்கும் இரவில்தான் காம்பிராவிலே விளக்கு அணையாமல் எரிகின்றது, வீட்டார் விழித்திருக்கின்றனர். அன்றுதான் அவர்கள் ஆந்தையைக் கேட்கிறார்கள். விளக்கொளியை நாடி விட்டிலும் வண்டும் வருகின்றன. அவற்றை உண்பதற்காகச் சிறிய ஆந்தை கூரையருகே வந்து அமர்தலும் கூடும். நோயாளி பிழைத்துக்கொண்டால் ஆந்தையை எல்லோரும் மறந்துவிடுவர். இறந்துவிட்டால் மட்டுமே அதனை நினைவுகூர்வர். பிழைத்த இரவுகளைக் கணக்கில் எடாது இறந்த இரவுகளை மட்டும் எண்ணத் தொடங்கினால் எந்தப் பறவையும் எமதூதனாகிவிடும். விடிந்ததும் கூவும் சேவலும் தப்பாது.

சாத்திரத்தைச் சான்று காட்டுவோருக்கும் ஒரு சொல். பஞ்சபட்சி சாத்திரத்திலே வல்லூறு, ஆந்தை, காகம், கோழி, மயில் என ஐந்து பறவைகள் கூறப்படுகின்றன. பிறந்த நட்சத்திரத்தைக் கொண்டு ஒவ்வொருவருக்கும் ஒரு பட்சி வகுக்கப்படுகின்றது. நம்மிற் பலருக்கு ஆந்தையே சொந்தப் பட்சி. தன் பட்சி என்று போற்றப்படும் பறவை, அடுத்த வீட்டுக் கூரையில் அமர்ந்தவுடன் சாக்குருவி ஆகிவிடுவது எந்தச் சாத்திரத்தின்படி? வங்காளத்திலே அது இலக்குமியின் ஊர்தி. பழைய கிரேக்கத்திலே அது அறிவுத் தெய்வமான அதீனாவின் பறவை. ஒரே பறவை ஓரிடத்திலே செல்வத்தையும், ஓரிடத்திலே அறிவையும், எங்கள் லயத்திலே சாவையும் கொண்டுவருமாயின், வேறுபாடு பறவையிடத்தில் இல்லை. அந்தந்த இடத்து வாழ்விலேதான் இருக்கின்றது. அவ்வாறாயின் எங்கள் லயத்து வாழ்விலே சாவு ஏன் அத்துணை அருகில் நின்றது என்பதே கேட்கத் தக்க கேள்வியாகும்.

நொக்ஸ் கேட்ட குரல்

இக்கேள்விக்கு விடை தேட முந்நூறு ஆண்டுகளுக்கு மேற்பட்ட சான்றொன்று நமக்கு உதவுகின்றது. 1660இல் சிறைபிடிக்கப்பட்டு 1679 வரை கண்டி இராச்சியத்திலே வாழ்ந்த ஆங்கிலேயர் ரொபேட் நொக்ஸ், 1681இல் வெளியிட்ட இலங்கை பற்றிய தம் நூலில் இரவிலே கேட்கும் ஒரு குரலைப் பற்றி எழுதியுள்ளார். நாயின் குரைப்பைப் போன்ற கூரிய குரல் அது. அதனைப் பிசாசின் குரல் என்று அவரும் நாட்டாரும் கருதினர். அக்குரலைத் தாமே பலமுறை கேட்டதாகவும், ஆயினும் அது எவருக்கும் தீங்கு செய்ததாகக் கேள்விப்பட்டதில்லை என்றும் அவர் குறிப்பிடுகிறார். அடுத்து அவர் சொல்வதுதான் முக்கியமானது. அக்குரல் கேட்பதற்குச் சற்று முன்னரோ கேட்ட சற்றுப் பின்னரோ அரசன் மனிதரைக் கொல்விப்பது வழக்கம் என்று மக்கள் கண்டிருந்தனராம்.

இதைச் சற்று நிதானித்துப் பார்ப்போம். கொன்றவன் அரசன், இரண்டாம் இராசசிங்கன். ஆணையிட்டது அவன் வாய். நிறைவேற்றியது அவன் ஏவலாளர் வாள். ஆயினும் அஞ்சப்பட்டது இரவின் குரல். அரசனைக் குறை கூறினால் தலை போகும். குரலைக் குறை கூறினால் எதுவும் போகாது. ஆதலால் மக்கள் அரசனின் கொடுமையைக் குரலின் கணக்கிலே எழுதி வைத்தனர். இதனை வெறும் அறியாமை என்று நான் கூறமாட்டேன். வாய் திறந்து பேச முடியாதவர்கள் தாம் கண்டதைப் பதிவு செய்யக் கண்டுபிடித்த வழி அது. பிற்காலத்திலே 'உலமா' என்று சிங்கள மக்களாலும் 'பேய்ப்பறவை' என்று ஆங்கிலேயராலும் அழைக்கப்பட்ட அக்குரலுக்குரியது எப்பறவை என்று நூறாண்டுக்கும் மேலாக வாதம் நடந்தது. பெருங்கூகை இனமொன்றே அது என்பது இன்று பலர் கொள்ளும் முடிபு. பறவையை அடையாளங் காண எத்தனையோ பேர் முயன்றனர். அக்குரலோடு சேர்த்து நினைக்கப்பட்ட கொலைகளின் மீது அத்தகைய ஆராய்ச்சி நடந்ததா?

தோட்டத்திலும் நிலைமை வேறன்று. 1973, 1974ஆம் ஆண்டுகளின் உணவுத் தட்டுப்பாட்டிலே தோட்டங்களில் பட்டினிச் சாவுகள் நிகழ்ந்தன. நாட்டின் ஏனைய பகுதிகளிலும் பார்க்கத் தோட்டப்புற இறப்பு வீதம் வெகுவாக உயர்ந்தது. அந்த இரண்டு ஆண்டுகளிலே மட்டும் மலைநாட்டு ஆந்தைகள் கூடுதலாகக் கத்தினவா? 2014 ஒக்டோபர் 29ஆம் நாள் காலையில் கொஸ்லந்தை மீரியபெத்தையிலே மலை சரிந்து லயங்களை மூடியது. அவ்விடம் அபாயமானது என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005இலும் 2011இலும் எச்சரித்திருந்தது. அங்கே சாவை முன்னறிவித்தது கூரையில் அமர்ந்த பறவையன்று. எழுத்தில் வந்த அறிக்கை. அந்தக் குரலைக் கேட்டவர்கள் யார், கேட்டும் மக்களை இடம்பெயர்த்துக் குடியேற்றாதவர்கள் யார் என்று கேட்டால் கேள்விக்கு மனித முகம் வந்துவிடுகின்றது. ஆந்தையைக் கேட்டால் எவர் முகமும் வெளிப்படுவதில்லை.

காய்ச்சல் முற்றிய குழந்தையைக் கொழுந்து லொறியிலே ஏற்றிக்கொண்டு வளைவுப் பாதையில் இறங்கிய இரவுகளை எங்கள் பக்கத்து முதியவர்கள் ஒவ்வொருவரும் சொல்வார்கள். லொறி வரத் தாமதித்தது, பாதை உடைந்திருந்தது, டிஸ்பென்சரி பூட்டியிருந்தது என்று கதை நெடுக வரும் செய்திகள் எல்லாம் காரணங்கள். கதையின் முடிவிலே மட்டும் ஆந்தை வந்து அமர்கிறது. காரணங்கள் யாவும் கலைந்து போகின்றன. ஆந்தையின் மீது பழி போடுவதனால் ஆந்தைக்கு நட்டம் சிறிது. ஓடை நீரிலும் மலைச்சாரலிலும் பிழைத்துக்கொள்ளும். நட்டம் முழுவதும் நமக்கே. பழி சுமக்கும் பறவை ஒன்று உள்ளவரை, பதில் சொல்லவேண்டிய மனிதர் நிம்மதியாக உறங்குவர்.

நகைப்போருக்கு ஒரு வினா

இதுவரை வாசித்த பகுத்தறிவு நண்பர்கள் மகிழ்ந்திருப்பர். "நாங்களும் இதைத்தான் சொல்கிறோம், பறவைக் கதைகள் அத்தனையும் மூடநம்பிக்கை, ஒழித்துவிடுவோம்" என்பர். அவர்களோடு உடன்பட என்னால் இயலாது.

நம் பாடத்திட்டத்தைப் பார்ப்போம். குறுந்தொகையிலே காகம் கரைந்தால் விருந்து வரும் என்னும் நம்பிக்கையை வைத்து ஒரு செய்யுள் உண்டு. தலைவன் வருகையைக் கரைந்து அறிவித்த காகத்துக்கு எத்தனை கலம் சோறு படைத்தாலும் போதாது என்று தோழி கூறுவதாக அது அமைந்துள்ளது. அதைப் பாடிய நச்செள்ளையாருக்குக் காக்கைபாடினியார் என்னும் சிறப்புப் பெயரே அதனால் வாய்த்தது. விரிவுரை மண்டபத்திலே அது இலக்கிய நயம். அதே நம்பிக்கையை லிந்துலை லயத்திலே கூடை முடையும் கிழவி ஒருத்தி கூறினால் அது மூடநம்பிக்கை. இரண்டுக்கும் இடையே உள்ள வேறுபாடு யாது? நச்செள்ளையார் இறந்து ஈராயிரம் ஆண்டுகளாகின்றன. கிழவி இன்னும் உயிரோடிருக்கிறாள். இறந்தவளைப் போற்றுவதற்குத் துணிவு வேண்டியதில்லை. உயிரோடிருப்பவளைப் போற்றினால் அவள் குடியிருக்கும் காம்பிராவின் ஓட்டைக் கூரையையும் நிமிர்ந்து பார்க்க வேண்டியிருக்கும்.

ஆந்தையைப் பற்றியும் நம் பழைய இலக்கியம் பேசாமலில்லை. நற்றிணையிலே குறிஞ்சித்திணைச் செய்யுள் ஒன்றில் தோழி கூகையைப் பார்த்து வேண்டுகிறாள்: இரவிலே தலைவன் வரும் நேரத்திலே அலறி ஊரை எழுப்பிவிடாதே, உனக்கு ஆட்டிறைச்சி கலந்த நெய்ச்சோறும் எலிச்சூடும் தருகிறேன் என்கிறாள். கூகை எலி தின்னும் என்பது அப்புலவருக்குத் தெரிந்திருந்தது. நோய்வாய்ப்பட்டவனின் உயிரை அது தின்னும் என்று அவர் எழுதவில்லை. மரக்கறித் தோட்டங்களிலும் லயத்துக் கூரைகளிலும் எலி மலிந்த எங்கள் ஊரிலே, எலிக்காய்ச்சல் ஆண்டுதோறும் உயிர் கொள்ளும் இந்நாட்டிலே, அச்செய்யுளை மனப்பாடம் செய்து பரீட்சையில் எழுதிய மாணவன் விடுமுறையில் வீட்டுக்குப் போய் ஆந்தைக்குக் கல்லெறிகிறான் எனில், அவன் எதைக் கற்றான்?

தொல்காப்பியம் திணையின் கருப்பொருள்களை எண்ணுமிடத்துத் தெய்வம், உணவு, விலங்கு, மரம், பறை, தொழில், யாழ் என்பவற்றோடு புள்ளையும் வைத்து எண்ணுகின்றது. ஒரு நிலத்து மக்களை அறியவேண்டுமாயின் அவர்தம் தொழிலை அறிவதுபோல் அவர்தம் பறவைகளையும் அறிதல் வேண்டும் என்பது அதன் கருத்து. புள் என்னும் தமிழ்ச்சொல்லுக்கு நிமித்தம் என்ற பொருளும் உண்டு. சகுனம் என்னும் வடசொல்லும் முதலிலே பறவையையே குறித்தது. உரோமரும் பறவைகள் பறக்கும் திசை பார்த்தே அரச கருமங்களைத் தொடங்கினர். வானிலே பறப்பவற்றைக் கூர்ந்து நோக்கும் பழக்கமே இவை அனைத்துக்கும் அடி. அந்நோக்கிலிருந்து எடுத்த முடிவு பிழையாகலாம். நோக்கு பிழையன்று. முடிவு பிழை என்பதற்காகக் கண்ணையே பிடுங்கி எறிவது எவ்வகைப் பகுத்தறிவு?

கதைகளுக்குள் இருப்பவை

அக்கதைகளுக்குள் என்ன இருக்கின்றது என்பதற்கு இரண்டு பறவைகளை எடுத்துக் காட்டுகிறேன். ஒன்று அக்காக் குயில். வேறு பறவைகளின் கூட்டிலே முட்டையிடும் இனம் இது. இதன் இலங்கைக் கிளையினம் மலைநாட்டையே வாழிடமாகக் கொண்டது. அதன் குரல் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறிச் சென்று உச்சியிலே சட்டென அறுந்துவிடும். இதே இனத்தின் குரலிலே இந்தி பேசுவோர் 'பீ கஹா', அதாவது என் காதலர் எங்கே, என்று கேட்டனர். மராத்தியர் மழை வருகிறது என்று கேட்டனர். வங்காளியர் என் கண் போயிற்றே என்று கேட்டனர். வெயிலில் வாடிய ஆங்கிலேயர் 'பிரெயின் பீவர்', மூளைக்காய்ச்சல், என்று கேட்டனர். தமிழர் கேட்டது 'அக்கா' என்னும் அழைப்பை.

பறவை சொன்னது ஒன்றுமில்லை. கேட்டவர் நெஞ்சிலே இருந்ததுதான் செவியில் விழுந்தது. தொலைந்துபோன தமக்கையைத் தேடித் தங்கை அழைக்கும் குரல் அது என்று என் பாட்டி கூறுவார். அக்கதை எங்கே பிறந்ததோ அறியேன். அது எங்கள் லயத்திலே ஏன் மறையாமல் நின்றது என்பதை மட்டும் அறிவேன். 1964இலே சிறிமாவோ சாஸ்திரி ஒப்பந்தம் எங்கள் மக்களிலே 525,000 பேரை இந்தியாவுக்கும் 300,000 பேரை இலங்கைக்கும் என்று பங்கிட்டது. எஞ்சிய 150,000 பேர் 1974இலே பாதிப் பாதியாகப் பிரிக்கப்பட்டனர். அக்காவுக்கு இந்தியக் கடவுச்சீட்டும் தங்கைக்கு இலங்கைப் பிரசாவுரிமையும் கிடைத்த குடும்பங்கள் எத்தனை! தலைமன்னாருக்குக் கோச்சி ஏறிய அக்காமார் திரும்பி வரவில்லை. ஒப்பந்தத்தின் வாசகத்தை நாம் அரசறிவியல் வகுப்பிலே படிக்கிறோம். ஒப்பந்தம் செய்ததை எங்கள் பாட்டிமார் ஒரு குயிலின் குரலிலே கேட்டார்கள். இரண்டாவதை மூடநம்பிக்கை என்று தள்ளுவோமாயின் நம் வரலாற்றில் பாதியைத் தள்ளுகிறோம்.

மற்றையது ஆறுமணிக் குருவி. நெஞ்சு மங்கிய மஞ்சளும் வாலடி செந்நிறமும் முதுகு பச்சையுமாய் உள்ள இச்சிறு பறவை, இந்தியாவிலே இனம்பெருக்கிவிட்டு, ஒக்டோபர் அளவில் இங்கே வந்து ஏப்ரல் அளவில் திரும்பும் விருந்தாளி. நுவரெலியா விக்டோரியா பூங்காவிலே இதனைக் காண வெளிநாட்டார் வந்து காத்திருக்கின்றனர். அதிகாலையும் அந்தியும் ஆறு மணி அளவிலே குரல் கொடுப்பதனால் இப்பெயர். தமிழகத்திலும் இப்பெயர் வழங்குகிறது. ஆயினும் தோட்டத்திலே ஆறு மணி என்பது வெறும் நேரமன்று. அது தப்பு முழங்கும் நேரம், பிரட்டு நேரம், அரை நாட்பெயர் வெட்டப்படுமோ என்னும் அச்சத்தின் நேரம். சிங்கள மக்கள் இதே குரலை 'அவிச்சியா' என்று கேட்கின்றனர். தன் அழகிய ஆடையை மயில் களவாடிச் சென்றதாகவும், அதைச் சொல்லியே இக்குருவி முறையிடுவதாகவும் அவர்களிடையே கதை உண்டு. மலையடிவாரக் கிராமத்தவன் கேட்டது களவு போன பொருளுக்கான முறையீடு. மலைமேல் லயத்தவன் கேட்டது வேலைக்கு அழைக்கும் மணி. ஒரே பள்ளத்தாக்கின் இரு பக்கத்து மக்களின் வரலாற்றை ஒரே குருவியின் இரு பெயர்கள் சொல்லிவிடுகின்றன.

இக்குருவிக்குத் தமிழிலே தோட்டக்கள்ளன் என்று இன்னொரு பெயரும் உண்டு. சருகைக் கிளறிப் புழு தின்று ஆறு மாதத்தில் போய்விடும் பறவைக்குத் தோட்டக்கள்ளன் என்று பெயர். தோட்டத்தையே எடுத்துக்கொண்டவனுக்குத் துரை என்று பெயர்!

யாருடைய பெயர்கள்?

பெயர் என்றவுடன் இன்னொன்றும் நினைவுக்கு வருகின்றது. நம் மலைப் பறவைகளின் அறிவியற் பெயர்களைப் பாருங்கள். இந்நாட்டிலே அரச சேவையிலிருந்த லேயார்ட் என்பவரின் பெயரை ஒரு கிளி தாங்குகின்றது. அக்கிளியின் இலத்தீன் பெயர் அவர் மனைவியின் குடும்பப் பெயரிலிருந்து வந்தது. மலைக்காட்டு நீரோடைகளிலே மட்டும் வாழ்ந்து, இன்று அருகிவரும் சீழ்க்கைப் பூங்குருவியின் பெயரிலே பிளை என்னும் கோப்பித் தோட்டத்துரை நிலைபெற்றிருக்கிறார். 1872இல் அப்பெயரைச் சூட்டியவர், முத்துக்குளிப்பு ஆய்வுக்காக இந்நாட்டுக்கு வந்திருந்த ஹோல்ட்ஸ்வேர்த். இவர்களின் உழைப்பை நான் இகழவில்லை. லெக் என்பார் 1878க்கும் 1880க்கும் இடையில் வெளியிட்ட பெருநூலும், ஹென்றி 1955இல் வெளியிட்ட வழிகாட்டி நூலும் இன்றும் பயன்படுவன. இருவரும் தமக்குக் கிடைத்த சிங்கள, தமிழ்ப் பெயர்களையும் மதித்துக் குறித்துள்ளனர். அன்னியர் செய்த அளவுக்கேனும் நாம் செய்தோமா என்பதே என் கேள்வி.

கோப்பிக்கும் பின்னர் தேயிலைக்குமாக இம்மலைகளின் காடு வெட்டப்பட்டது. 5,000 அடிக்கு மேல் காட்டை வெட்டலாகாது என்று தாவரவியலறிஞர் ஹூக்கர் 1873இல் அறிவுறுத்தியமையால், எங்கள் அக்கரப்பத்தனைக்கு மேலே ஹோர்ட்டன் சமவெளிப் பக்கமாகக் கொஞ்சம் எஞ்சியது. வெட்டியவை எங்கள் பாட்டன்மாரின் கைகள். வெட்டச் சொன்ன வாய்கள் வேறு. கத்தியோடு அக்காட்டினுள் முதலிலே நுழைந்தவர்கள் எத்தனை பறவைகளைக் கண்டிருப்பார்கள், எத்தனை பெயர் வைத்திருப்பார்கள்! இந்நாட்டுக்கே உரிய பறவையினங்கள் முப்பதுக்கும் மேல். மஞ்சட்காதுக் கொண்டைக்குருவி, இலங்கை வெள்ளைக்கண்ணி, மங்குநீல ஈப்பிடிப்பான் ஆகியவை மலைநாட்டிலேயே காணப்படுவன. இங்கே நான் எழுதிய பெயர்கள் ஆங்கிலத்தைத் தமிழாக்கியவை. நாள்தோறும் அப்பறவைகளைக் காணும் மக்கள் பேசும் மொழியிலே எழுதுகின்ற எனக்கு ஆங்கிலத்தைப் பெயர்க்க வேண்டியிருப்பது நம் கல்வியின் வறுமையன்றி வேறென்ன? குறிஞ்சிக்குரிய புள் மயிலும் கிளியும் என்று பரீட்சையிலே எழுதிப் புள்ளி பெறுகிறோம். நாம் பிறந்த குறிஞ்சியிலே தினைப்புனமும் இல்லை, மயிலாடும் பாறையும் இல்லை. அங்கே இருப்பவற்றுக்கு நம் ஏட்டிலே இடமில்லை.

எங்கள் மக்களின் பாடல்களையேனும் சிலர் காத்தனர். வட்டகொடை மடக்கும்புரவிலே பிறந்த சி. வி. வேலுப்பிள்ளை தொகுத்த மலைநாட்டு மக்கள் பாடல்கள் 1987இல் நூலாயிற்று. சாரல்நாடன் மலையக வாய்மொழி இலக்கியம் பற்றி எழுதினார். அவர்கள் தோட்டத்திலே நின்று தனியாகச் செய்தார்கள். நூலகமும் விரிவுரையாளரும் ஒலிப்பதிவுக் கருவியும் உள்ள நாம் கூட்டாக என்ன செய்தோம்?

கேட்பது எப்படி என்பதற்கும் இந்நாட்டிலேயே முன்மாதிரி உண்டு. தீபால் வறக்காகொட என்னும் பறவையியலாளர் 1995இலே மழைக்காட்டு இரவில் தமக்குப் புதிய குரலொன்றைக் கேட்டார். சாக்குருவி என்று காதைப் பொத்திக்கொள்ளவில்லை. அக்குரலை விடாது பின்தொடர்ந்து 2001இலே அப்பறவையை நேரிற் கண்டார். அதுவரை உலகம் அறியாத ஆந்தையினம் அது. 2004இலே அறிவியல் உலகுக்கு முறையாக விவரிக்கப்பட்டது. இரவுக் குரலுக்கு அஞ்சுபவன் பேயைப் பெறுகிறான். அதனைக் கேட்டுக்கொண்டே நடப்பவன் அறிவைப் பெறுகிறான்.

எழக்கூடிய தடை

"ஆயிரம் ரூபா நாட்சம்பளத்துக்கு ஆண்டுக்கணக்காகப் போராடி 2021இலேதான் பெற்ற மக்களிடம் போய்க் குருவிக் கதை கேட்பதா?" என்று தோழர் சிலர் கேட்பர். நியாயமான கேள்வி. சம்பளம், காணி, வீடு ஆகியவற்றின் முன் பறவை சிறிது என்பதை நானும் ஏற்கிறேன். ஆனால் இம்மக்களை வெறும் கொழுந்து பறிக்கும் கைகளாகவே கண்டவர்கள் துரைமார். அவர்களின் எதிரிகள் என்று கூறிக்கொள்ளும் நாமும் இவர்களைச் சம்பளப் பட்டியலின் வரிகளாகவே காண்போமாயின், பார்வையிலே நாமும் துரைமாரே. கைகள் இருந்த அளவுக்குக் கண்களும் செவிகளும் இவர்களுக்கு இருந்தன. பார்த்தார்கள், கேட்டார்கள், பெயர் வைத்தார்கள், கதை சொன்னார்கள் என்று நிறுவுவதும் உரிமைப் போராட்டத்தின் ஒரு பகுதியே. 1948இலே பிரசாவுரிமையை மறுத்தவர்கள் இவர்கள் இந்நாட்டுக்கு அன்னியர் என்றனர். இம்மலையின் ஒவ்வொரு பறவைக்கும் தன் மொழியிலே பெயர் வைத்திருப்பவன் இம்மலைக்கு எப்படி அன்னியனாவான்?

செய்யத் தக்கது

வாதத்தோடு நில்லாது முடிவாகச் சில கோரிக்கைகளை முன்வைக்கிறேன். தமிழ்ச் சங்கத்திலே உள்ள தோட்டப்புற மாணவர் ஒவ்வொருவரும் அடுத்த விடுமுறையிலே தத்தம் தோட்டத்து முதியவர்களிடம் பறவைப் பெயர்களையும் குரல்களுக்குச் சொல்லப்படும் பொருள்களையும் கதைகளையும் கேட்டு எழுதி வரல் வேண்டும். சொன்னவரின் வயதையும் தோட்டத்தையும் அவர் முன்னோர் புறப்பட்டு வந்த ஊரையும் உடன் குறித்தல் வேண்டும். மெருகூட்டலாகாது, அவர் சொன்ன சொல்லிலேயே எழுதல் வேண்டும். விலங்கியல் மாணவரின் துணையோடு எப்பெயர் எப்பறவைக்குரியது என்று ஒப்புநோக்குதல் வேண்டும். சிங்கள மாணவ நண்பரிடமிருந்து அதே பறவைகளின் கதைகளைப் பெற்று அருகருகே வைத்தல் வேண்டும். ஆண்டுதோறும் இம்மலரிலே அவற்றுக்குச் சில பக்கங்கள் ஒதுக்குதல் வேண்டும். சங்க இலக்கியத்துப் பறவைகளைக் கற்பிக்கும் விரிவுரையாளர்கள், லயத்துக் கூரையில் அமரும் பறவையையும் அவ்வகுப்பினுள் அனுமதித்தல் வேண்டும். இவற்றுள் ஒன்றுக்கும் பெரும் பணம் தேவையில்லை. எண்பது வயதைத் தாண்டிய பாட்டிமார் இன்னும் சிலகாலம் இருக்கும்போதே செய்தல் தேவை.

ஆந்தையைப் பற்றி லயத்தாரிடம் பேசும்போது நகைக்க வேண்டா. "சாக்குருவி கத்தியது" என்று ஒருவர் கூறுமிடத்து, "அன்றிரவு வேறு என்னென்ன நடந்தது?" என்று கேட்போம். எத்தனை மணிக்குக் காய்ச்சல் ஏறியது, யாரிடம் போய்ச் சொன்னீர்கள், அவர் என்ன சொன்னார், லொறி எப்போது வந்தது என்று ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதிக்கொள்வோம். கதையைச் சொன்னவரே தம் வாயால் காரணங்களை அடுக்கி முடிக்கும்போது, பதில் சொல்லவேண்டியவர் யார் என்பது அவருக்கும் நமக்கும் தெளிவாகிவிடும். அந்த நாளிலே ஆந்தை விடுதலை பெறும். அது எலி பிடிக்கப் போகட்டும்.